காட்டுக் குரங்குகளின் ரத்த ஒட்டுண்ணிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில் இன்று உள்ளூரிலேயே தொற்றும் மலேரியா என்றால் அது பெரும்பாலும் குரங்கு மலேரியாதான். மனிதருக்கே உரிய மலேரியா வகைகளை அந்த நாடு பல ஆண்டுகள் பாடுபட்டு ஒடுக்கிவிட்டது. 2018 முதல் அவை உள்ளூரில் பரவியதாகக் கணக்கில்லை. ஆனால் அதே 2018-ல் குரங்கிலிருந்து வரும் ‘நோலெசி’ மலேரியா 4,000 பேருக்கு மேல் பிடித்தது. செம்பனைத் தோட்டங்களிலும் காட்டோரக் குடியிருப்புகளிலும் நம்மவர்களும் வேலை செய்கிறார்கள். அங்கிருந்து ஊருக்கு வந்து போகிறவர்களும் உண்டு. அதனால் இந்தக் கேள்விகளைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

காட்டுக் குரங்கின் ரத்தத்தில் அப்படி என்னென்ன வாழ்கின்றன?

முதலில் பிளாஸ்மோடியம், அதாவது மலேரியா ஒட்டுண்ணி. கொசு வழியாக வந்து, கல்லீரலில் பெருகி, பிறகு சிவப்பணுக்களுக்குள் புகுந்துகொள்ளும். இதற்கு நெருங்கிய உறவு ஹெபடோசிஸ்டிஸ். ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் குரங்குகளில் இதைப் பார்க்கலாம். இதைக் கொண்டுவருவது கொசு இல்லை, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவு சிறிய ஒரு கடிப்பூச்சி. இது பெருகுவது கல்லீரலில் மட்டும்தான். ரத்தத்தில் பெருகாததால் மலேரியா போல விட்டு விட்டு வரும் காய்ச்சல் இதில் கிடையாது.

உண்ணி வழியாக வரும் பபீசியா உண்டு. டிரிப்பனோசோமா உண்டு, அதில் ஒரு வகை, தென் அமெரிக்கக் குரங்குகளில் இருந்துகொண்டே மனிதருக்குச் சாகாஸ் நோயைத் தருவது. யானைக்கால் நோய்க்குக் காரணமான புருஜியா மலாயி என்ற புழுவின் குஞ்சுகளும் மலேசியாவின் சில மந்தி இனங்களின் ரத்தத்தில் நீந்துகின்றன. மனிதருக்கு இன்று அதிகத் தொல்லை தருவது பிளாஸ்மோடியம் என்பதால் இந்தப் பக்கம் பெரும்பாலும் அதைப் பற்றியே பேசும்.

ஒட்டுண்ணி இருக்கும் குரங்கு நோயோடு சுருண்டு கிடக்குமா?

பெரும்பாலும் கிடக்காது. மரத்தில் தாவிக்கொண்டு, குட்டியைச் சுமந்துகொண்டு, பழம் தின்றுகொண்டு சாதாரணமாகத்தான் இருக்கும். சரவாக் மாநிலத்தின் கபிட் பகுதியில் பிடித்துச் சோதித்த நீண்டவால் குரங்குகளில் 87 சதவீதமும், பன்றிவால் குரங்குகளில் 50 சதவீதமும் நோலெசி ஒட்டுண்ணியைச் சுமந்திருந்தன. 2011-ல் வெளியான ஆய்வு அது. அவற்றில் பலவற்றுக்கு நோலெசி மட்டுமல்ல, இனுயி, சைனோமோல்ஜி, கோட்னியி, ஃபீல்டி என்று இன்னும் பல வகைகளும் ஒரே உடம்பில் ஒன்றாக இருந்தன.

மனிதர் தென்கிழக்கு ஆசியாவுக்கு வந்து சேர்வதற்கு முன்பே நோலெசி அங்கே குரங்குகளில் இருந்திருக்கிறது என்று அதே ஆய்வு மரபணுக்களை வைத்துச் சொல்கிறது. அத்தனை காலம் சேர்ந்து வாழ்ந்ததில் நீண்டவால் குரங்கின் உடம்பு ஒட்டுண்ணியை முழுதாக ஒழிக்காமல், குறைந்த அளவில் கட்டுக்குள் வைத்துக்கொள்ளப் பழகிவிட்டது.

அதே நோலெசியை வட இந்தியாவின் ரீசஸ் குரங்குக்குள் செலுத்தினால் கதை வேறு. சில நாட்களில் ரத்தம் முழுக்க ஒட்டுண்ணி நிறைந்து குரங்கு செத்துவிடும். இரண்டும் ஒரே மக்காக் குடும்பம்தான். இருந்தாலும் ஒன்றுக்கு அது பழகிய ஒட்டுண்ணி, இன்னொன்றுக்கு எமன். எந்த இனத்தின் உடம்பில் இருக்கிறது என்று கேட்காமல் ஓர் ஒட்டுண்ணியைச் சாது என்றோ கொடியது என்றோ சொல்லவே கூடாது என்பது என் கருத்து.

நோலெசி எங்கே, எப்படிக் கண்டுபிடிக்கப்பட்டது?

கல்கத்தாவில், 1931 வாக்கில். அங்குள்ள வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் கருங்காய்ச்சல் எனப்படும் காலா அசார் நோயை ஆராய்வதற்காகக் குரங்குகளை வைத்திருந்தார்கள். சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு நீண்டவால் குரங்கின் ரத்தத்தில் புதுவிதமான ஒரு மலேரியா ஒட்டுண்ணி தென்பட்டது. அதை மற்றக் குரங்குகளுக்குச் செலுத்திப் பார்த்தபோது ரீசஸ் குரங்கு கடுமையாக நோயுற்றது. ராபர்ட் நோல்ஸும் பிராஜ் மோகன் தாஸ் குப்தாவும் அதை விரிவாக ஆராய்ந்து, ரத்தம் வழியாக மனிதருக்கும் செலுத்த முடியும் என்று 1932-ல் காட்டினார்கள். நோல்ஸின் பெயரே ஒட்டுண்ணிக்கு வைக்கப்பட்டது.

அதன் பிறகு நடந்தது இன்று படித்தால் நெஞ்சு பதைக்கும். பென்சிலின் வருவதற்கு முன்பு, மூளையைத் தாக்கிய சிபிலிஸ் நோயாளிகளுக்குக் கடும் காய்ச்சலை வரவைத்துக் குணப்படுத்தும் முறை ஒன்று இருந்தது. அதற்கு நோலெசியையும் பயன்படுத்தினார்கள். ருமேனியாவில் ஒரு நோயாளியிடமிருந்து இன்னொருவருக்கு என்று மாற்றி மாற்றிச் செலுத்தியதில் ஒட்டுண்ணியின் வீரியம் ஏறிக்கொண்டே போனது. கடைசியில் அதை நிறுத்த வேண்டியதாயிற்று.

கொசு கடித்து இயற்கையாக மனிதருக்கு நோலெசி வந்தது முதலில் உறுதியானது 1965-ல். மலேசியாவின் பகாங் மாநிலக் காட்டில் இரவு நேரத்தில் வேலை பார்த்த ஓர் அமெரிக்க நில அளவையாளர் ஊர் திரும்பும் சமயத்தில் காய்ச்சலில் விழுந்தார். முதலில் ‘ஃபால்சிபாரம்’ என்றார்கள், பிறகு ‘மலேரியே’ என்றார்கள். இரண்டும் மனித மலேரியா வகைகள். அவருடைய ரத்தத்தைக் குரங்குக்குச் செலுத்திப் பார்த்த பிறகுதான் உண்மை தெரிந்தது. உடனே பகாங்கில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் ரத்தத்தை எடுத்துக் குரங்குகளில் சோதித்தார்கள். ஒன்றில்கூட நோலெசி இல்லை. சரி, இது எப்போதோ ஒருமுறை நடக்கும் அபூர்வம் என்று உலகம் அதை மறந்தே போனது.

அந்த மறதி ஏறக்குறைய 40 ஆண்டுகள் நீடித்தது. கபிட்டில் ‘மலேரியே’ என்று பதிவான நோயாளிகள் கூடிக்கொண்டே போனார்கள். மலேரியே என்பது மெதுவாக வளரும், பெரும்பாலும் சாதுவான வகை. ஆனால் இவர்களின் ரத்தத்தில் ஒட்டுண்ணி அதிகம், காய்ச்சலும் கடுமை. சரவாக் பல்கலைக்கழகத்தின் பல்பீர் சிங், ஜேனட் காக்ஸ்-சிங் குழுவினர் மரபணுச் சோதனை செய்தார்கள். 208 மலேரியா நோயாளிகளில் 120 பேருக்கு இருந்தது நோலெசி. உண்மையான மலேரியே ஒருவருக்கும் இல்லை. 2004-ல் இது வெளியானபோதுதான் அத்தனை நாளும் கண்ணெதிரே இருந்த நோய்க்குச் சரியான பெயர் கிடைத்தது.

நுண்நோக்கியில் பார்த்தும் எப்படி ஏமாந்தார்கள்?

கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு ரத்தத்தைத் தேய்த்து, ஜீம்சா சாயம் ஏற்றி, எண்ணெய் விட்டு ஆயிரம் மடங்கு பெரிதாக்கிப் பார்ப்பார்கள். நோலெசி இளசாக இருக்கும்போது சிவப்பணுவுக்குள் மெல்லிய மோதிரம் போலத் தெரியும். ஃபால்சிபாரமும் அப்படித்தான் இருக்கும். சில மணி நேரம் கழித்து அதே ஒட்டுண்ணி வளர்ந்து, அணுவின் குறுக்கே பட்டையாக நீண்டு கிடக்கும். அது அப்படியே மலேரியேயின் உருவம். எந்த நேரத்தில் ரத்தம் எடுத்தோம் என்பதைப் பொறுத்து நோயின் பெயரே மாறிவிடும். அனுபவமுள்ள ஆய்வக ஊழியரும் கண்ணால் மட்டும் பார்த்து இதைப் பிரித்துச் சொல்வது கடினம். உடனடி முடிவு தரும் பட்டைச் சோதனைகளும் நோலெசியைப் பல நேரம் தவறவிடும். ஒட்டுண்ணியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனையே நம்பகமானது.

இதனால் ஒரு நடைமுறை விதி உருவாகியிருக்கிறது. தென்கிழக்கு ஆசியக் காட்டுப் பகுதியில் இருந்து வந்தவருக்கு ஸ்மியரில், அதாவது இந்த ரத்தத் தகட்டுச் சோதனையில், ‘மலேரியே’ என்று வந்தால், நோலெசி என்று வைத்துக்கொண்டே சிகிச்சை தொடங்க வேண்டும்.

இது மற்ற மலேரியாவைவிட ஆபத்தா?

வேகத்தில் ஆபத்து. மனித மலேரியா வகைகள் ரத்தத்தில் ஒரு சுற்று பெருக 48 அல்லது 72 மணி நேரம் எடுக்கும். நோலெசிக்கு 24 மணி நேரம் போதும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சிவப்பணு வெடித்து 16 வரை புதிய ஒட்டுண்ணிகள் வெளியே வரலாம். திங்கட்கிழமை ‘சாதாரணக் காய்ச்சல்தானே’ என்று விட்டால் வியாழக்கிழமை நிலைமை கை மீறியிருக்கும்.

தினமும் காய்ச்சல், குளிர் நடுக்கம், தலைவலி, உடம்பு வலி இருக்கும். ரத்தத் தட்டணுக்கள் ஏறக்குறைய எல்லாருக்கும் குறையும். அதனால் டெங்கு என்று நினைத்துவிடும் அபாயமும் உண்டு. முற்றினால் சிறுநீரகம் பழுதாகும், மஞ்சள் காமாலை வரும், மூச்சு திணறும், உயிரும் போகும். ஆறுதல் என்னவென்றால், மருந்து நன்றாகவே வேலை செய்கிறது. ஆர்ட்டிமிசினின் கூட்டு மருந்து, முற்றிய நிலையில் நரம்பு வழியாக ஆர்ட்டிசுனேட் ஊசி. குளோரோகுயினுக்கும் நோலெசி அடங்கும். வைவாக்ஸ் என்ற மனித மலேரியா வகை மாதிரி கல்லீரலில் ஒளிந்திருந்து மாதங்கள் கழித்துத் திரும்பும் பழக்கமும் இதற்கு இல்லை.

எந்தக் கொசு இதைப் பரப்புகிறது?

நம் வீட்டுத் தொட்டியில் முட்டையிடும் கொசு இல்லை. லூகோஸ்பைரஸ் கூட்டத்தைச் சேர்ந்த காட்டு அனாபிலிஸ் கொசுக்கள். சரவாக்கில் லேட்டென்ஸ், சபா மாநிலத்தில் பலபசென்சிஸ், தீபகற்ப மலேசியாவில் கிராசென்ஸ் என்று இடத்துக்கு இடம் இனம் மாறும். காட்டில் நிழல் விழுந்த குட்டைகளிலும் தேங்கிய நீரிலும் வளரும். மரத்தின் மேலே குரங்கைக் கடிக்கும், கீழே இறங்கி மனிதரையும் கடிக்கும். கடிப்பது பெரும்பாலும் வெளியில், பொழுது சாய்ந்து முன்னிரவு நேரத்தில். வீட்டுக்குள் மருந்தடிப்பதும் கொசுவலையும் நல்லதுதான், ஆனால் இந்தக் கொசுவிடம் அவை மட்டும் போதாது. நீங்கள் படுக்கப் போவதற்கு முன்பே அது கடித்துவிட்டுப் போயிருக்கும்.

குரங்கு கடித்தால், பிறாண்டினால், அதன் எச்சில் பட்டால் மலேரியா வருமா?

வராது. இயற்கையில் கொசு நடுவில் இல்லாமல் இது பரவாது. ஆனால் குரங்குக் கடியை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, ரேபிஸ் தடுப்பூசிக்காகவும் டெட்டனஸ் ஊசிக்காகவும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

தமிழ்நாட்டுக் குரங்குகளிலும் இலங்கைக் குரங்குகளிலும் மலேரியா உண்டா?

உண்டு. நீலகிரியில் ‘நாட்டுக் குரங்கு’ (பானட் மக்காக்) என்ற இனத்திடையே மலேரியா இயற்கையாகவே சுற்றிக்கொண்டிருப்பதை 1960-களின் தொடக்கத்திலேயே பதிவு செய்திருக்கிறார்கள். அதைப் பரப்புவது அனாபிலிஸ் எலிகன்ஸ் என்ற காட்டுக் கொசு என்று 1963-ல் நிறுவப்பட்டது. இதுவும் மேலே சொன்ன அதே லூகோஸ்பைரஸ் கூட்டம்தான். நாட்டுக் குரங்கில் காணப்படுபவை இனுயி, சைனோமோல்ஜி, ஃப்ரஜைல் வகைகள். நோலெசி அதற்கு இயல்பான ஒட்டுண்ணி அல்ல.

இலங்கைக்கே உரிய, சிங்களத்தில் ‘ரிலவா’ எனப்படும் குரங்கில் சைனோமோல்ஜியின் உள்ளூர் வகை ஒன்றும், ஃப்ரஜைலும், சிமியோவேலும் உண்டு. 1965-ல் திசாநாயக்க உள்ளிட்ட ஆய்வாளர்கள் இவற்றை விவரித்தார்கள். இலங்கை 2016-ல் மலேரியா ஒழிந்த நாடு என்று உலக சுகாதார நிறுவனத்தின் சான்று பெற்றது. அந்தச் சான்று மனித மலேரியாவுக்கானது.

இந்திய எல்லைக்குள் நோலெசியோடு சேர்த்துப் பேச வேண்டிய இடம் அந்தமான் நிக்கோபார். அங்குள்ள மனித ரத்த மாதிரிகளில் நோலெசியின் மரபணுத் தடயம் இருந்ததாக 2013-ல் இந்திய ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். நிக்கோபாரில் நீண்டவால் குரங்கும் வாழ்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் கோயில் படிக்கட்டில் தேங்காய் பிடுங்கும் குரங்கைப் பார்த்து மலேரியாவுக்குப் பயப்படத் தேவையில்லை.

‘குரங்குக் காய்ச்சல்’ என்று கர்நாடகத்தில் சொல்கிறார்களே, அதுவும் இதுதானா?

இல்லை. அது கியாசனூர் காட்டு நோய். 1957-ல் ஷிமோகா மாவட்டத்தில் வெளிப்பட்டது. அது வைரஸ், ஒட்டுண்ணி அல்ல. பரப்புவது உண்ணி, கொசு அல்ல. அந்த நோயில் நாட்டுக் குரங்கும் சாம்பல் மந்தியும் கூட்டமாகச் சாகும். முதுமலை, பந்திப்பூர் பக்கமும் அந்த வைரஸ் தென்பட்டிருக்கிறது. மலேரியா சுமக்கும் குரங்கு நடமாடிக்கொண்டிருக்கும். காட்டில் அடுத்தடுத்துக் குரங்குகள் செத்து விழுந்தால் நினைக்க வேண்டியது இந்த வைரஸைத்தான். பிணத்தைத் தொடாமல் வனத்துறைக்கும் சுகாதாரத் துறைக்கும் சொல்ல வேண்டும்.

நோயாளியிடமிருந்து இன்னொரு மனிதருக்குப் பரவுமா?

ஆய்வகத்தில் மனிதர், கொசு, மனிதர் என்று கடத்திக் காட்டியிருக்கிறார்கள். இயற்கையில் அப்படி நடப்பது உறுதிப்படவில்லை. இன்றுவரை ஒவ்வொரு நோயாளியையும் குரங்கிலிருந்து வந்ததாகவே கணக்கிடுகிறார்கள்.

குரங்குகளைக் கொன்றுவிட்டால் பிரச்சினை தீராதா?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். கேட்கிறவர் மேல் இல்லை, அப்படி நினைக்க வைத்த செய்தித் தலைப்புகள் மேல்.

சபாவில் நடந்த ஆய்வுகள் சொல்வது இது: கிராமத்தைச் சுற்றிக் காடு வெட்டப்பட்ட இடங்களில் அடுத்து வந்த ஆண்டுகளில் நோலெசி கூடியது. காடு துண்டு துண்டானால் குரங்குக் கூட்டங்கள் மிச்சமிருக்கும் துண்டில் நெருக்கியடித்து வாழும். தின்ன எதுவும் கிடைக்காமல் தோட்டத்துக்கும் வீட்டோரத்துக்கும் வரும். அவற்றோடு கொசுவும் வரும். மரம் அறுக்கவும் புதர் வெட்டவும் கன்று நடவும் மனிதர்கள் அதே ஓரத்துக்குப் போகிறார்கள். நோயாளிகளில் பெரும்பகுதி இப்படி வெளிவேலை செய்யும் வயது வந்த ஆண்கள். காடு வெட்ட முடிவெடுத்தவர்கள் யாரும் அந்தப் பட்டியலில் இருப்பதில்லை. கூலிக்குப் போனவர்கள்தான் இருக்கிறார்கள்.

ஒரு கூட்டத்தைச் சுட்டுத் தள்ளினால் மிச்சமுள்ளவை சிதறி ஓடும். காலியான இடத்துக்கு வேறு கூட்டம் வரும். கொசு அப்படியே இருக்கும். நீண்டவால் குரங்கை 2022-ல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அழியும் அபாயத்தில் உள்ள இனமாக அறிவித்தது. எங்கு பார்த்தாலும் குரங்காக இருக்கிறதே என்று தோன்றுவது, அவை காட்டை இழந்து சாலையோரம் வந்துவிட்டதால்தான்.

மற்ற கண்டங்களில் நிலைமை என்ன?

பிரேசிலில் 2015, 2016-ல் ரியோ டி ஜெனிரோ மாநிலக் காட்டுப்பகுதியில் மலேரியா பரவியது. வைவாக்ஸ் என்று நினைத்தார்கள். ஊளைக் குரங்குகளில் வாழும் சிமியம் என்ற வகை என்று பிறகு தெரிந்தது. ஆப்பிரிக்காவில் மனிதரை அதிகம் கொல்லும் ஃபால்சிபாரம், கொரில்லாவின் ஒட்டுண்ணியிலிருந்து மனிதருக்கு வந்தது என்று 2010-ல் காட்டினார்கள். அதற்காக எந்தக் கொரில்லாவையும் பிடிக்கவில்லை. மத்திய ஆப்பிரிக்கக் காடுகளில் பொறுக்கிய ஏறக்குறைய 3,000 சாண மாதிரிகளிலிருந்து ஒட்டுண்ணியின் டிஎன்ஏவைப் பிரித்தெடுத்தார்கள். மக்காக் குரங்குகளின் சாணத்திலும் நோலெசியைக் கண்டறியும் முறை இப்போது உண்டு. வலை போட்டு, மயக்க ஊசி போட்டு, தாயையும் குட்டியையும் கலங்கடித்து ரத்தம் எடுப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

குரங்கு மலேரியாவை ஆராய்ந்ததால் மனிதருக்கு என்ன நன்மை?

மலேரியா பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு குரங்குகளின் செலவில் கிடைத்தது. கொசு கடித்ததும் ஒட்டுண்ணி ரத்தத்திலிருந்து சில நாட்கள் காணாமல் போகும். எங்கே போகிறது என்பது அரை நூற்றாண்டுப் புதிர். 1948-ல் லண்டனில் ஹென்றி ஷார்ட், சிரில் கார்ன்ஹாம் இருவரும் சைனோமோல்ஜி ஏந்திய சுமார் 500 கொசுக்களை ஒரே ரீசஸ் குரங்குக்குப் பயன்படுத்தி, ஏழாம் நாள் அதன் கல்லீரலை அறுத்துப் பார்த்தார்கள். ஒட்டுண்ணி அங்கே இருந்தது. இந்த ஷார்ட், அதற்கு முன் சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டின் இயக்குநராக இருந்தவர்.

வைவாக்ஸ் காய்ச்சல் மாதங்கள் கழித்துத் திரும்பக் காரணமான உறங்குநிலை ஒட்டுண்ணியும் 1980-களில் முதலில் தெரிந்தது சைனோமோல்ஜியில்தான். சிவப்பணுவின் மேல் டஃபி என்ற புரதம் இல்லாதவர்களின் அணுக்களுக்குள் நோலெசி நுழைய முடியாது என்று 1975-ல் கண்டார்கள். மேற்கு ஆப்பிரிக்கர் பலருக்கு வைவாக்ஸ் ஏன் பிடிப்பதில்லை என்ற கேள்விக்கு விடை அங்கிருந்துதான் கிடைத்தது.

காட்டோரத்தில் வேலை செய்கிறேன். நான் என்ன செய்ய வேண்டும்?

முழுக்கைச் சட்டை, நீளக் கால்சட்டை போடுங்கள். சாயங்காலம் ஆவதற்கு முன்பே கொசு விரட்டியைத் தடவிக்கொள்ளுங்கள். இருட்டிய பிறகு காட்டோரத்தில் உட்கார்ந்து பேசுவதைக் குறையுங்கள். வெளியில் தூங்க நேர்ந்தால் மருந்து தோய்த்த வலை கட்டுங்கள்.

காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ரத்தச் சோதனை செய்யுங்கள். காட்டுப் பக்கம் போனதையும், எந்த மாநிலம் என்பதையும், குரங்குகள் உலவும் இடமா என்பதையும் டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். மலேசியாவிலிருந்தோ இந்தோனேசியாவிலிருந்தோ ஊர் திரும்பிச் சில வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தாலும் இதையேதான் சொல்ல வேண்டும். இங்குள்ள டாக்டருக்கு நோலெசி உடனே மனதில் வராமல் போகலாம். ஸ்மியரில் ‘மலேரியே’ என்று எழுதி வந்தால் பிசிஆர் செய்ய முடியுமா என்று தயங்காமல் கேளுங்கள். அதன் முடிவு வரும்வரை சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம்.